499 ரூபாய் கலம்காரியும் 14,000 ரூபாய் கலம்காரியும்: கைவினை மோகத்தில் எல்லையோரக் கைகளுக்கு என்ன கிடைக்கிறது?

ஃபோனில் "கலம்காரி சேலை" என்று தேடினால் 499 ரூபாய்க்கும் வருகிறது, 14,000 ரூபாய்க்கும் வருகிறது. இரண்டிலும் அதே மயில், அதே கொடி, அதே செங்கல் சிவப்பு. இரண்டின் கீழேயும் "கையால் செய்தது" என்ற சொல். எது நிஜம், இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

கூடவே இன்னொரு குழப்பம். கைவினைப் பொருள்களுக்குக் கடந்த பத்து ஆண்டுகளில் மவுசு கூடியிருப்பது கண்கூடு. ஆனால் கைத்தறிக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், நாடு முழுக்க நெசவாளர்களும் அவர்களுக்கு உப வேலை செய்பவர்களும் சேர்த்து 1995-96இல் 65 லட்சம் பேர் இருந்தார்கள். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம் சொச்சம். வாங்க ஆள் கூடுகிறது, செய்ய ஆள் குறைகிறது. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடக்கும்?

இதை விளக்க ஒரு சிறு நிலப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், சத்தியவேடு, காளஹஸ்தி. ஆந்திராவில் இருந்தாலும் இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றி வரையப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. அந்தக் கோடு இன்றைக்கு ஒரு சேலையின் விற்பனையில்கூடத் தலையிடுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

## ஒரே பெயர், மூன்று துணி

"கலம்" என்றால் பாரசீகத்தில் எழுதுகோல், "காரி" என்றால் வேலை. அது ஒரு செய்முறையின் பெயர். இப்போது கடைகளில் அது ஒரு டிசைனின் பெயர். வேலையின் பெயர் தோற்றத்தின் பெயராக மாறிய இடத்தில்தான் குழப்பம் ஆரம்பம். சந்தையில் இந்தப் பெயரில் விற்பவை மூன்று வகை.

1. எழுதுகோலால் வரைந்தது. காளஹஸ்தி முறை. கோடும் நிறமும் கையால் இழுத்தவை.
2. மர அச்சால் ஒற்றியது. மசூலிப்பட்டினத்து முறை; அதன் பக்கத்து ஊரான பெடனாவில் இன்றும் பெரிய தொழில். செதுக்கிய கட்டையைச் சாயத்தில் தோய்த்துக் கையால் அழுத்துவார்கள். இதுவும் கைவேலைதான், ஆனால் வேறு வேலை.
3. ஸ்கிரீன் அல்லது டிஜிட்டல் பிரிண்ட். முதல் இரண்டில் எதையாவது ஃபோட்டோ எடுத்து இயந்திரத்தில் அச்சடிப்பது. 499 ரூபாய்ச் சேலை இங்கே வருகிறது.

மூன்றாவதை வாங்குவதில் தப்பே இல்லை. நல்ல துணியாக இருந்தால் உடுத்தலாம். அதைக் "கையால் செய்தது" என்று சொல்வதுதான் பொய்.

## ஒரு சேலைக்குள் எத்தனை நாள்

காளஹஸ்தி முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் விலை புரியும்.

முதலில் வெளுக்காத காடாத் துணியைச் சாணம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டு வெளுப்பார்கள். அப்புறம் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்; பாலில் உள்ள கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். இந்தக் கட்டத்தில் துணி வெளிர் மஞ்சளாக, லேசான பால்வாடையோடு இருக்கும்.

புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் மேலோட்டமாகப் படம் போட்டுக்கொண்டு, கலத்தைக் கையில் எடுப்பார்கள். கலம் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ துணியையோ உருண்டையாகச் சுற்றிக் கட்டியிருக்கும். சாயத்தில் தோய்த்தால் அந்த உருண்டை அதைக் குடித்துக்கொள்ளும். வரையும்போது விரல்களால் அதை அமுக்க அமுக்கச் சாயம் குச்சி வழியாக இறங்கும். அமுக்கும் அளவுதான் கோட்டின் தடிமன். அதனால் நிஜக் கலம்காரியில் ஒரு கோடு ஆரம்பத்தில் தடித்தும் முடிவில் மெலிந்தும் இருக்கும். ஒரே யானையை இருபது முறை வரைந்தாலும் இருபதும் அச்சு அசலாக இருக்காது.

கறுப்பு மை இன்னும் சுவாரசியம். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பானையில் சில வாரங்கள் புளிக்கவிடுவார்கள். காளஹஸ்தியில் இதைக் கசிமி என்பார்கள். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து, வெளிறி விழுந்த கோடு கருத்து நிற்கும்.

சிவப்பு நேராகத் தீட்டுகிற நிறம் அல்ல. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் அலசி, பிறகு சாயவேர், மஞ்சிட்டி போன்றவற்றோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த படிகாரம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு துணி முழுக்கக் கறையாகிவிடும். இந்தத் தொழில் பொன்முகலி ஆற்றங்கரையில், இன்றைய பெயரில் சுவர்ணமுகிக் கரையில், ஊன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வேலையும் தள்ளிப்போகும்.

மீண்டும் பால், அதற்குமேல் மஞ்சள், அதற்கும்மேல் அவுரி நீலம். மஞ்சள்மேல் நீலம் ஏறினால் பச்சை. ஒவ்வொன்றுக்கும் நடுவே அலசலும் காயலும். எவ்வளவு அவசரப்பட்டாலும் வெயில் தன் வேகத்தில்தான் காயவைக்கும்.

## விலைக்குப் பின்னால் ஒரு கூட்டல்

இது ஒரு மாதிரிக் கணக்கு. வைத்துக்கொள்வோம்:

1. ஒரு சேலைக்கு 15 வேலை நாள், நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் கூலி: 9,000.
2. துணி, சாயப்பொருள், விறகு: 1,500.
3. அடக்கம் 10,500.

நேரடியாக 14,000க்கு விற்றால் மிச்சம் 3,500. பார்சல், திரும்பி வரும் சரக்கு, விற்காமல் கிடக்கும் சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதே 14,000 நகரத்துக் கடையின் விலையாக இருந்து, கடை வாங்கியது 7,000க்கு என்றால்? துணிச் செலவு போக 5,500. பதினைந்தால் வகுத்தால் நாளுக்கு 366 ரூபாய் சொச்சம். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

வாங்க ஆள் கூடி, செய்ய ஆள் குறையும் குழப்பத்துக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. பிள்ளைகள் ஏன் தறியில் உட்காரவில்லை என்று இதற்கு மேலும் கேட்கக் கூடாது.

## மோகம் எங்கிருந்து வந்தது

கையால் செய்ததன்மேல் ஆசை புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்ததற்கு இந்தக் கரையின் துணி ஒரு பெரிய காரணம். சோழமண்டலக் கரையின் வண்ணத்துணி ஐரோப்பாவில் அப்படிப் பரவியது. பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்து 1759 வரை தடையை நீட்டித்தது. இங்கிலாந்தும் 1701, 1721 சட்டங்களால் கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியில் அங்கே அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். தோற்றம் பிடித்துப்போனால் அதை மலிவாக நகலெடுக்க யாராவது வருவார்கள். 499 ரூபாய்ச் சேலை அந்தக் கதையின் பேரப்பிள்ளை.

சுதந்திரத்துக்குப் பிறகு காளஹஸ்தியில் இந்தத் தொழில் அணையும் நிலையில் இருந்தது. கைவினைகளை மீட்க முன்னின்ற கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியில் 1950களில் அங்கே பயிற்சி மையம் வந்த பிறகே மறுபடி துளிர்த்தது. அங்கிருந்து வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போதைய அலைக்குக் காரணங்கள் வேறு:

1. 2015இல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளானது. அதே ஆண்டு பெங்களூரில் இரு பெண்கள் தொடங்கிய, ஆண்டில் நூறு முறை சேலை கட்டுவோம் என்ற "நூறு சேலை ஒப்பந்தம்" சமூக ஊடகத்தில் பரவி, பெட்டிக்குள் கிடந்த சேலைகளை வெளியே எடுக்க வைத்தது.
2. 2016இல் வந்த யுபிஐ. முன்பின் தெரியாதவருக்கு 3,000 ரூபாய் அனுப்புவது ஒரு நிமிட வேலையாகிவிட்டது.
3. 2020 ஊரடங்கு. கண்காட்சிகள் நின்றன, ஃபோனும் கூரியரும்தான் கடை.

நான்காவதாக ஒன்றைச் சொல்லலாம், ஆனால் அதை அளக்க முடியாது: எல்லாம் ஒன்றுபோல இருப்பதில் வந்த சலிப்பு.

## புத்தூர் கட்டும் புவிசார் குறியீடும்

சரி, நிஜத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முத்திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி.

கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. துணி கைத்தறியில் நெய்தது என்று மட்டும் சொல்லும். அதன்மேல் உள்ள படத்தைப் பற்றிப் பேசாது. விசைத்தறிக் காடாவில் ஒருவர் பதினைந்து நாள் உட்கார்ந்து வரைந்தாலும் அதற்கு இந்த முத்திரை கிடையாது.

பட்டு முத்திரை 2004இல் வந்தது. சுத்தப் பட்டா என்பதற்கு மட்டும் சாட்சி. தறி எது, வண்ணம் யார் கை என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

புவிசார் குறியீடு கொஞ்சம் விளக்க வேண்டியது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் "புத்தூர் கட்டு" என்று ஒரு போர்டு தொங்கும். எலும்பு முறிந்தவர்கள் தேடிப் போகும் அந்த வைத்தியம் நகரிக்குப் பக்கத்துப் புத்தூரைச் சேர்ந்தது. போர்டு வைத்தவர்களில் எத்தனை பேர் அந்த ஊரில் கற்றவர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓர் ஊரின் பெயரே தரத்துக்கு உத்தரவாதமாகும்போது எல்லோரும் அதை ஒட்டிக்கொள்வார்கள். பொருள்களில் இதைத் தடுக்கத்தான் புவிசார் குறியீட்டுச் சட்டம்: 1999இல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னையில். (வைத்தியம் ஒரு சேவை. இந்தச் சட்டம் பொருள்களுக்கு மட்டும். ஆகவே புத்தூர் கட்டுக்கு இந்த வழி இல்லை.)

காளஹஸ்திக் கலம்காரி இதில் ஆரம்பத்திலேயே இடம் பிடித்தது. மசூலிப்பட்டினத்துக்குத் தனிப் பதிவு. தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் கிடைத்தது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. குறியீடு ஊருக்கு, ஆளுக்கு அல்ல. காளஹஸ்தியில் இருபது ஆண்டு கற்றவர் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோனால், கை அதே கையாக இருந்தாலும் அங்கே வரைந்ததை "காளஹஸ்திக் கலம்காரி" என்று விற்க முடியாது.
2. ஊருக்குள் இருந்தால் மட்டும் போதாது. அதிகாரபூர்வப் பயனாளியாகத் தனியே பதிய வேண்டும். கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது. பணம் இனி சாக்கு இல்லை. படிவமும் அலைச்சலும்தான்.

குறியீடு கிடைத்துவிட்டால் போலி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. "கலம்காரி" என்று மட்டும் எழுதி, ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் போதும். 499 ரூபாய்க்காரர் தப்பித்துவிடுவார்.

## கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

எல்லையோர ஊர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஜிஎஸ்டி பற்றிப் பொதுவாக எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏகாம்பரகுப்பத்தில் ஒருவர், திருத்தணியில் ஒருவர். இருவருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குள். இருவரும் கையால் வண்ணம் போட்ட துப்பட்டா விற்கிறார்கள், ஆண்டு விற்பனை நான்கு லட்சம். இருவருக்கும் வாடிக்கையாளர் சென்னையில். நகரியிலிருந்து சென்னை நூறு கிலோமீட்டர் வாக்கில். விஜயவாடா அதைப்போல நான்கு மடங்கு தூரம். அப்படியிருக்கச் சென்னைதான் இயல்பான சந்தை.

1. திருத்தணிக்காரர் சென்னைக்கு விற்பது மாநிலத்துக்குள் விற்பனை. பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் பதிவில்லாமல் மாநிலத்துக்குள் விற்கலாம்.
2. ஏகாம்பரகுப்பத்துக்காரர் அதே சென்னைக்கு விற்பது மாநிலம் தாண்டிய விற்பனை. பொதுவிதிப்படி முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்.
3. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு ஒரு விலக்கு உண்டு: ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவில்லாமல் மாநிலம் தாண்டி விற்கலாம். பான் எண் வேண்டும். பொருள் பெரும்பாலும் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கருவியோ இயந்திரமோ கொஞ்சம் உதவியிருந்தால் பரவாயில்லை.
4. ஆனால் அந்த விலக்கில் போகும் சரக்குக்கு, மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (சரக்கை எடுத்துப்போக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) எடுக்க வேண்டும். மற்ற சரக்குக்குப் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல்தான் அந்தப் பேச்சு. 600 ரூபாய்த் துப்பட்டாவைப் பையில் போட்டு ரயிலில் திருத்தணிக்குக் கொண்டுபோய் விற்றாலும் சட்டப்படி பில் வேண்டும்.
5. ஆன்லைன் தளத்தின் வழியாக மாநிலம் தாண்டினால் இந்த விலக்கும் உதவாது. பதிவு வேண்டும்.
6. பதிந்தபின், சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறைக்குள் போகலாமா என்றால், அதில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்கவே கூடாது. ஆகவே முழுப் பதிவு, ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம். ஒன்றுமே விற்காத காலத்துக்கும் "நில்" ரிட்டர்ன் போட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதே ஏகாம்பரகுப்பத்துக்காரர் சொந்தமாக விற்காமல், திருத்தணி முதலாளி அனுப்பும் துணியில் கூலிக்கு வேலை செய்து திருப்பி அனுப்பினால்? அது சேவை. மாநிலம் தாண்டிச் சேவை தருபவருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். கூலிக்காரராக இருக்கும்வரை எல்லை அவரைத் தொந்தரவு செய்யாது. தன் பெயரில், தன் விலையில், ஒரு தளத்தில் விற்கத் துணியும் அன்றுதான் கோடு குறுக்கே வந்து நிற்கும். வேண்டுமென்றே இப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய வியாபாரியை மனதில் வைத்து எழுதிய விதி, இந்த ஊர்களில் இப்படி வந்து விழுகிறது.

நலத்திட்டங்களிலும் அதே கோடு. கைத்தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்குப் பதில் 2025இல் தன் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆந்திராவில் விஸ்வகர்மா நடக்கிறது, ஆனால் அதன் 18 தொழில்களில் குயவர் உண்டு, தையல்காரர் உண்டு, கைத்தறி நெசவாளர் கிடையாது. திருத்தணியில் இருக்கும் மாமா சொல்லும் திட்டத்துக்கு நகரியில் இருக்கும் மருமகன் மனு போட முடியாது.

## யார் "தனிக் கைவினைஞர்"?

இந்தச் சொல்லுக்குள் நான்கு வகை ஆட்களைத் திணித்துவிடுகிறோம். கூலிக்குச் செய்பவர், சரக்கும் டிசைனும் கொடுத்து வேலை வாங்கும் முதலாளி, தானே யோசித்துத் தானே செய்து விற்பவர், வாட்ஸாப் குழுவில் படம் போட்டு விற்கும் ரீசெல்லர். மூலப்பொருள், டிசைன், விலை, நஷ்டம் நான்கும் யார் கையில் இருக்கிறதோ அவரே தனிக் கைவினைஞர். அந்த அளவுகோலில் மூன்றாமவர் மட்டும் தேறுவார்.

மோகம் வந்தால் முதலில் பெருகுவது ரீசெல்லர். அவருக்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வரைபவர் ஒரு சேலையை முடிப்பதற்குள் அவர் ஐம்பது படம் போட்டிருப்பார். அந்தப் படங்களில் ஒன்று அச்சு ஆலைக்கும் போயிருக்கும். தேவை ஏறும்போது டிசைன் நாள் கணக்கில் பெருகுகிறது, கை தலைமுறைக் கணக்கில்தான் பெருகும். வாங்குவோர் கூடி, செய்வோர் குறையும் புதிரின் மறுபாதி இது.

தளங்களை நம்பியிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கைவினைக்கென்றே 2005இல் நியூயார்க்கில் தொடங்கிய எட்ஸி, 2013இல் வெளி உற்பத்தியாளர்களின் உதவியோடு செய்ததையும் "கையால் செய்தது" என்று விற்க வழிவிட்டது. 2022இல் அதன் கட்டணம் 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆனபோது விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தினார்கள். கட்டணம் குறையவில்லை.

## வாங்கும் முன்

1. துணியைத் திருப்பிப் பாருங்கள். தாவரச் சாயத்தில் வரைந்தது பின்பக்கமும் ஏறியிருக்கும். மேலோட்டமாக அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறும்.
2. ஒரே பூ வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்புகூட அதே இடத்தில் அதேபோல இருந்தால், பிரிண்ட்.
3. பளிச்சென்ற ரோஸ், மின்னும் பச்சை இருந்தால் செயற்கைச் சாயம். கலத்தால் வரைந்து செயற்கைச் சாயம் போட்டதும் விற்பனையில் உண்டு. அது கைவேலைதான், ஆனால் இயற்கைச் சாயத்தின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.
4. "எழுதுகோலா, அச்சுக்கட்டையா, ஸ்கிரீனா?" என்று நேராகக் கேளுங்கள். செய்பவர் உடனே சொல்லிவிடுவார். கை மாற்றி விற்பவர் "ஒரிஜினல்தான் மேடம்" என்பார்.
5. "படத்தில் இருக்கிற மாதிரியே வேணும்" என்று கேட்காதீர்கள். இரண்டாவது யானையின் தும்பிக்கை வேறு மாதிரிதான் வளையும். அதற்காகத் திருப்பி அனுப்பினால், போக வர இரண்டு பார்சல் செலவும் வரைந்தவர் தலையில் விழும்.
6. முதல் சில துவைப்புகளில் கொஞ்சம் மஞ்சள் இறங்கும். அது கடுக்காய். நிழலில் காயவையுங்கள்.